மின்மாற்றிக்குள் ஒரு காகிதம்: அது எத்தனை ஆண்டு வெப்பம் தாங்கும் என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஏப்ரல் மாதம். ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. செஞ்சிக் கோட்டையின் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கும் காலம் அது. அன்று இரவு எட்டு மணிவாக்கில், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த மின்மாற்றி பெரும் சத்தத்தோடு பழுதானது. மூன்று தெருக்களுக்கு மறுநாள் மாலைவரை மின்சாரம் இல்லை. பிள்ளைகள் மெழுகுவத்தியிலும் கைப்பேசி வெளிச்சத்திலும் படித்துவிட்டு, தூக்கம் கலையாத கண்களோடு வகுப்புக்கு வந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், டிரான்ஸ்பார்மர் ஏன் வெடிச்சுது?”

“வெயில் அதிகம்மா. எல்லா வீட்டிலயும் ஃபேன் ஓடுது, ஏ.சி. ஓடுது. சூடு தாங்காம போயிடுச்சு.”

“போன வருஷமும் இதே வெயில்தானே சார்? அப்பவும் எல்லாம் ஓடுச்சு. அப்ப ஏன் ஒண்ணும் ஆகல?”

என்னிடம் பதில் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக மின்மாற்றியை நடத்துகிறேன். முதன்மைச் சுருள், துணைச் சுருள், தேனிரும்பு உள்ளகம், சுற்றுகளின் விகிதம், ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி. கரும்பலகையில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. “தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்மா” என்றேன்.

கோடை விடுமுறையில் தேடிப் படித்ததையும், அடுத்த ஆண்டு வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பின் காந்தவியல் பாடம் முதல் பன்னிரண்டாம் வகுப்பின் வேதிவினை வேகவியல் வரை பல பாடங்களை இந்த ஒரு கேள்வி இணைக்கிறது.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில்

எண்ணெய் நிரப்பிய மின்மாற்றியில் செம்பு அல்லது அலுமினியக் கம்பிகளைச் சுற்றி இருப்பது காகிதம். மரக்கூழிலிருந்து செய்யப்படும் உறுதியான பழுப்புக் காகிதம். ‘கிராஃப்ட்’ காகிதம் என்பார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வலிமை என்று பொருள். சுருள்களுக்கு நடுவே அதே மூலப்பொருளில் செய்த கெட்டி அட்டைகளும் இருக்கும். இவை அனைத்தும் கனிம எண்ணெயில் ஊறியிருக்கும். எண்ணெய்க்கு இரண்டு வேலைகள்: மின்காப்புக்குத் துணை நிற்பது, சுருளின் வெப்பத்தை வாங்கித் தொட்டியின் சுவருக்கும் வெளியே தெரியும் குழாய்களுக்கும் கொண்டுசேர்ப்பது.

இரும்பு உள்ளகமும் செம்பும் பல பத்தாண்டுகள் நிலைக்கும். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். சுருளுக்குள் சுற்றிய காகிதத்தை மட்டும், மின்மாற்றியையே பிரித்து மறுபடி சுற்றினால் ஒழிய, மாற்ற முடியாது. ஆகவே ஒரு மின்மாற்றியின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் காகிதத்தின் ஆயுள்தான். இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கி நிற்கும் கருவியின் உயிர், நம் கேள்வித்தாளுக்கு உறவான ஒரு பொருளில் இருக்கிறது.

காகிதம் எப்படி மூப்படைகிறது?

காகிதம் என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஒன்றோடொன்று கைகோத்த நீண்ட சங்கிலி. புதிய மின்காப்புக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக 1,000 முதல் 1,200 அலகுகள் இருக்கும். வெப்பம், ஈரம், அமிலம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்து இந்தச் சங்கிலியை அங்கங்கே அறுக்கின்றன. சராசரி நீளம் 200 அலகுகளை ஒட்டும்போது காகிதம் தன் இழுவலிமையில் பெரும்பகுதியை இழந்திருக்கும். அதையே காகிதத்தின் ஆயுள் முடிவு என்று பொறியாளர்கள் கொள்கிறார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லப் பூச்சரம் போதும். ஆயிரம் பூக்கள் கோத்த சரத்தை நான்கே இடங்களில் அறுத்தால் சராசரியாக இருநூறு பூக்கள் கொண்ட ஐந்து துண்டுகள் கிடைக்கும். பூ ஒன்றுகூடக் குறையவில்லை. 999 இணைப்புகளில் அறுந்தவை நான்குதான், அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் சரம் சரமாக இல்லை.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு தவறான எண்ணம் வரும், எனக்கும் இருந்தது. மூப்படைந்த காகிதம் மின்காப்பை உடனே இழந்துவிடுவதில்லை. எண்ணெயில் ஊறி, அசையாமல் இருக்கும்வரை அது மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். இழந்தது உறுதியை. ஒரு நாள் காற்றில் கிளை முறிந்து கம்பிகள் உரசுகின்றன, குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. வழக்கத்தைப் போல் 20 மடங்கு மின்னோட்டம் சுருளில் பாய்ந்தால், சுற்றுகளுக்கு இடையிலான விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடி 400 மடங்காகிவிடும். சுருள் அதிர்கிறது. புதிய காகிதம் அந்த உலுக்கலைத் தாங்கும். நொறுங்கும் நிலையில் இருக்கும் காகிதம் கிழியும். கிழிந்த இடத்தில் சுற்றும் சுற்றும் தொட்டுக்கொள்ளும்.

எங்கள் தெரு மின்மாற்றியை எது பழுதாக்கியது என்பது அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கே தெரியும். மின்னல், எண்ணெய்க் கசிவு, ஈரம், அளவுக்கு மீறிய சுமை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் “போன வருஷம் ஏன் ஒண்ணும் ஆகல?” என்ற கேள்விக்குப் பொதுவான விடை இங்கே கிடைத்துவிட்டது. போன ஆண்டின் வெயிலும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் வெயிலும் காகிதத்தில் கணக்காக எழுதப்பட்டிருக்கின்றன. இந்த ஆண்டு அந்தக் கணக்கின் கூடுதல்.

இருபது ஆண்டு காத்திருக்க முடியுமா?

இப்போது அடுத்த கேள்வி. ஒரு நிறுவனம் புதிய காகிதம் ஒன்றைக் கொண்டுவருகிறது. அது மின்மாற்றிக்குள் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எப்படி அறிவது? இருபது ஆண்டு ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது.

வழி இதுதான். வெப்பத்தைக் கூட்டு, காலத்தைக் குறை, பிறகு கணக்கிட்டுத் திரும்பி வா. இதைத் துரித மூப்புச் சோதனை எனலாம். சோதனைக்கூடத்தில் செய்யும் முறை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. மின்மாற்றியில் இருப்பதைப் போலவே காகிதம், கெட்டி அட்டை, செம்பு, எண்ணெய் ஆகியவற்றை உரிய விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

2. வெற்றிடத்தில் ஈரத்தை நீக்கி, கலன்களில் காற்றுப் புகாமல் மூடுவார்கள். மேலே நைட்ரஜன் நிரப்புவது உண்டு.

3. கலன்களைக் குறைந்தது மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் அடுப்புகளில் வைப்பார்கள். எல்லாமே மின்மாற்றியின் வழக்கமான வெப்பநிலையைவிட அதிகம்.

4. குறித்த மணிக்கணக்கில் ஒவ்வொரு கலனாக எடுத்து, காகிதத்தின் இழுவலிமையையும் சங்கிலியின் சராசரி நீளத்தையும் அளப்பார்கள். காகிதத்தைத் தகுந்த கரைப்பானில் கரைத்து, கரைசலின் பாகுநிலையை அளந்தால் சங்கிலியின் நீளம் தெரியும். நீண்ட சங்கிலி, கெட்டியான கரைசல்.

5. இழுவலிமை பாதியாகும் நேரத்தை, அல்லது சங்கிலி நீளம் 200க்கு வரும் நேரத்தை, அந்த வெப்பநிலையின் ஆயுளாகக் குறிப்பார்கள்.

6. ஆயுளின் மடக்கையை ஓர் அச்சிலும், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழியை மற்றோர் அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டை நீட்டி, மின்மாற்றி இயங்கும் வெப்பநிலையில் ஆயுள் என்ன என்று படிப்பார்கள்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60216 என்ற தரம் மின்காப்புப் பொருள்களின் வெப்பத் தாங்குதிறனை மதிப்பிடும் நெறிகளைத் தருகிறது. 20,000 மணி நேரம் தாங்கும் வெப்பநிலையே ஒரு பொருளின் வெப்பநிலைக் குறியெண். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 20,000 மணி என்பது இரண்டேகால் ஆண்டு. “அப்போ டிரான்ஸ்பார்மர் இரண்டேகால் வருஷம்தானா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. அது பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட வைத்துக்கொண்ட அளவுகோல். கருவியின் ஆயுள் அல்ல.

நம் நாட்டில் இத்துறையின் முதன்மையான இடம் பெங்களூருவில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம். 1960இல் தொடங்கப்பட்டது. மின்மாற்றிகளையும், அவற்றின் எண்ணெயையும் மின்காப்புப் பொருள்களையும் அங்கே சோதிக்கிறார்கள். மேல்நிலை மாணவர்களுக்கு வழிகாட்டும்போது இப்படி ஓர் இடமும் வேலையும் இருப்பதைச் சொல்லலாம்.

கரும்புச் சர்க்கரை காட்டிய வழி

புள்ளிகள் ஏன் நேர்கோட்டில் அமைகின்றன? பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வரும் அர்ஹீனியஸ் சமன்பாடுதான் காரணம். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1889இல் வெளியிட்ட ஆய்வு, கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடைவதைப் பற்றியது. வெப்பநிலை கூடும்போது அந்த வினையின் வேகம் ஏன் அவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்று விளக்கினார். சர்க்கரை உடையும்போது நீர் புகுந்து இரண்டு அலகுகளின் இணைப்பை அறுக்கிறது. செல்லுலோஸ் சங்கிலியிலும் அதே வகை இணைப்பைத்தான் நீரும் அமிலமும் சேர்ந்து அறுக்கின்றன. கரும்பு விளையும் விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டுமா?

மின்மாற்றித் துறைக்கு இது வந்த கதையும் பாடமாகும். அமெரிக்கப் பொறியாளர் மான்ட்சிங்கர் 1930இல், ஏறத்தாழ ஒவ்வொரு 8 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் காகிதத்தின் ஆயுள் பாதியாகிறது என்று சோதனை முடிவுகளிலிருந்து சொன்னார். அனுபவ விதி, காரணம் சொல்லவில்லை. 1948இல் டாக்கின் என்பவர் மின்காப்பு மூப்பையும் ஒரு வேதிவினையாகவே பார்க்க வேண்டும் என்று அர்ஹீனியஸ் சமன்பாட்டை அதில் பொருத்தினார். முதலில் கவனிப்பு, பிறகு விதி, அதன்பின் விளக்கம். அறிவியல் பெரும்பாலும் இந்த வரிசையில் நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஒரு நாள், எத்தனை மணி?

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60076-7 என்ற வழிகாட்டி, சாதாரணக் காகிதத்துக்கு 98 டிகிரியை அடிப்படையாக வைக்கிறது. இது சுருளுக்குள் மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலை. அங்கே மூப்பின் வேகம் 1. அதிலிருந்து ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் வேகம் இரட்டிப்பாகும், 6 டிகிரி குறைந்தால் பாதியாகும்.

86 டிகிரி: கால் மடங்கு
92 டிகிரி: அரை மடங்கு
98 டிகிரி: 1 மடங்கு
104 டிகிரி: 2 மடங்கு
110 டிகிரி: 4 மடங்கு
116 டிகிரி: 8 மடங்கு

இது பத்தாம் வகுப்புக் கணிதத்தின் பெருக்குத்தொடர் வரிசையே. இதே விதியைத் தொடர்ந்தால் 140 டிகிரியில் வேகம் 128 மடங்கு. 98 டிகிரியில் ஒரு காகிதம் 20 ஆண்டு, அதாவது 1,75,200 மணி தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 140 டிகிரியில் அது 1,369 மணியில் முடியும். 57 நாள். இருபது ஆண்டை இரண்டு மாதத்துக்குள் எப்படி அடக்குகிறார்கள் என்பது இந்த ஒரு வகுத்தலில் விளங்கிவிடும்.

அடுத்து நான் கொடுத்த கணக்கு, பிள்ளைகள் அதிகம் பேசிய கணக்கு. ஒரு கோடை நாளில் ஒரு மின்மாற்றியின் சூடான புள்ளி 12 மணி நேரம் 86 டிகிரி, 8 மணி நேரம் 98 டிகிரி, மாலை முதல் இரவு வரை 4 மணி நேரம் 116 டிகிரி என்று இருக்கட்டும் (பயிற்சிக்கான எண்கள்). அன்று காகிதம் எத்தனை மணி நேரத்து ஆயுளை இழந்தது?

12 மணி × கால் = 3
8 மணி × 1 = 8
4 மணி × 8 = 32
மொத்தம் 43 மணி.

கடிகாரத்தில் ஓடியது 24 மணி. காகிதத்தில் ஓடியது 43 மணி. அதில் 32 மணி, அந்த நான்கு மணி நேரத்தில் போனது. அதே நான்கு மணி நேரம் 104 டிகிரிக்குள் வைத்திருந்தால்? 3 + 8 + 8 = 19. ஒரு நாளுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சுமையைக் கொஞ்சம் பரப்பினால், ஒரு மின்மாற்றிக்குப் பதில் இரண்டாகப் பிரித்தால் எவ்வளவு மிச்சம் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

சுமைக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைப் பத்தாம் வகுப்பின் ஜூல் வெப்ப விதியோடு சேர்க்கலாம். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் சுருளில் பிறக்கும் வெப்பம் இரண்டேகால் மடங்கு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்களில் வெளிக்காற்றும் சூடாக இருக்கிறது, உள்ளே பிறக்கும் வெப்பமும் அதிகமாக இருக்கிறது. 98 டிகிரி என்ற அடிப்படை, 20 டிகிரி சுற்றுப்புறத்தையும் அதற்கு மேல் 78 டிகிரி உயர்வையும் கூட்டி வந்தது. நம் சித்திரையில் 20 டிகிரி ஏது? அதனால்தான் இந்தியத் தரமான ஐ.எஸ். 2026, நம் நாட்டின் வெப்பத்தைக் கருதி, மின்மாற்றிக்குள் அனுமதிக்கும் வெப்ப உயர்வைக் குறைத்து வைத்திருக்கிறது.

உள்ளே எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும்?

மூடிய தொட்டிக்குள், சுருளின் நடுவில் வெப்பமானி வைப்பது எளிதல்ல. ஆனால் சுருளே வெப்பமானியாகும். செம்பின் மின்தடை வெப்பநிலையோடு கூடும். மின்மாற்றியைத் தொழிற்சாலையில் சுமையின் இழப்புக்கு ஈடாகச் சூடேற்றி, எண்ணெயின் வெப்பநிலை உயர்வு மணிக்கு 1 டிகிரிக்கும் குறைவாக வரும்வரை பல மணி நேரம் ஓட்டுவார்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, உடனே சுருளின் மின்தடையை அளப்பார்கள்.

செம்புக்கு விதி: வெப்பநிலையோடு 235ஐக் கூட்டினால் வரும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் மின்தடை இருக்கும். 30 டிகிரியில் 2 ஓம் இருந்த சுருள், சூடான பின் 2.4 ஓம் காட்டினால், (30 + 235) × 1.2 = 318. அதிலிருந்து 235 கழித்தால் 83 டிகிரி. இது சுருளின் சராசரி. மிகச் சூடான புள்ளி இதைவிடச் சில டிகிரி மேலே இருக்கும். ஆக, வெப்பத் தாங்குதிறனுக்கு இரண்டு சோதனைகள் தேவை. ஒன்று, உள்ளே எவ்வளவு சூடாகிறது என்று சொல்வது. மற்றொன்று, அந்தச் சூடு காகிதத்தை எத்தனை ஆண்டில் தின்னும் என்று சொல்வது.

ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றியைப் பிரிக்காமலே காகிதத்தின் நிலையை அறியவும் ஒரு வழி உண்டு. செல்லுலோஸ் சிதையும்போது ஃபர்ஃபுரால் போன்ற சேர்மங்கள் உண்டாகி எண்ணெயில் கரைகின்றன. எண்ணெயில் கொஞ்சம் எடுத்து அவற்றின் அளவைப் பார்த்தால் போதும். நாம் இரத்தம் கொடுத்துப் பரிசோதிப்பதைப் போல என்றேன், பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

ஈரம் என்ற இரண்டாவது எதிரி

வெப்பத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாடம் அரைகுறையாகும். காகிதத்தில் ஈரம் கூடினால் சிதைவின் வேகமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். காகிதம் சிதையும்போதே நீரும் உண்டாகிறது. அந்த நீர் மேலும் சிதைக்கிறது. மூப்பு தானே தன்னை வேகப்படுத்திக்கொள்ளும் வட்டம் இது. அதனால்தான் பெரிய மின்மாற்றிகள் மூச்சு வாங்கும் குழாயில் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறார்கள். புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தில் இருப்பதும் அதுதான். ஈரம் பட்டால் நீலமாக இருப்பது இளஞ்சிவப்பாகும் வகை ஒன்று உண்டு.

வகுப்பறையில் செய்து பார்க்க

முதலில் ஒரு விதி. மின்மாற்றியின் அருகே எந்தச் செயல்பாடும் கூடாது. வேலிக்குள் பந்து விழுந்தாலும் எடுக்கப் போகக் கூடாது என்பதைப் பாடத்தின் முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள். கீழே உள்ளவற்றுக்கு அடுப்போ மின்சாரமோ வேண்டாம்.

செயல்பாடு 1. காகிதச் சங்கிலி (6 முதல் 9ஆம் வகுப்பு வரை). 50 காகித வளையங்களைக் கோத்துச் சங்கிலி செய்யச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு இடங்களில் அறுக்க வேண்டும். துண்டுகளின் நீளங்களை எண்ணிச் சராசரி காணட்டும். எந்தக் குழு எங்கே அறுத்தாலும் சராசரி 10தான் வரும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

செயல்பாடு 2. மடிப்புச் சோதனை (8 முதல் 10ஆம் வகுப்பு வரை). பள்ளி அலமாரியில் கிடக்கும் பழைய கேள்வித்தாள்கள், குறிப்பேடுகளிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் கீற்றுகள் வெட்டுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடித்து, எத்தனையாவது மடிப்பில் அறுகிறது என்று எண்ணுங்கள். எங்கள் வகுப்பில் மிகப் பழைய குறிப்பேட்டின் தாள் சில மடிப்புகளிலேயே அறுந்தது. இந்த ஆண்டுத் தாளை எண்ணிச் சலித்துவிட்டார்கள். உடனே ஒரு மாணவன் சொன்னான்: “சார், அந்தக் காலத்துப் பேப்பரே மட்டமா இருந்திருக்கலாமே?” அந்தத் தடையைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒரே காகிதத்தை, ஒரே ஈரத்தில், மூடிய கலனில் வைத்து, வெப்பநிலையை மட்டும் மாற்ற வேண்டியது ஏன் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

செயல்பாடு 3. தயிர் உறைதல் (வீட்டில், பெரியவர் துணையுடன்). ஒரே பாலில், ஒரே அளவு உறைமோர் ஊற்றி மூன்று கிண்ணங்கள். ஒன்று குளிர்சாதனப் பெட்டியில், ஒன்று சமையலறையில், ஒன்று வெதுவெதுப்பான இடத்தில். எது எத்தனை மணியில் உறைந்தது என்று எழுதி வரட்டும். வெப்பம் கூடக் காலம் குறைவது தெரியும். பிறகு கேளுங்கள்: “அப்படியானால் கொதிக்கும் பாலில் உறைமோர் ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் தயிராகுமா?” எல்லாரும் சிரிப்பார்கள். ஆகாது, நுண்ணுயிரிகள் செத்துவிடும்.

அந்தச் சிரிப்பில்தான் இந்தப் பாடத்தின் மிக முக்கியமான செய்தி இருக்கிறது. காகித மூப்பு உயிரியல் வினை அல்ல. ஆனாலும் எல்லை ஒன்றுதான். வெப்பத்தைக் கூட்டிச் செய்யும் சோதனையில், குறைந்த வெப்பத்தில் நடக்கும் அதே வினை நடந்தால்தான் கோட்டை நீட்டிப் படிக்கலாம். மிக அதிக வெப்பத்தில் காகிதம் வேறு விதமாக, கருகுவதைப் போலச் சிதையத் தொடங்கும். அப்போது நேர்கோடு வளையும், கணக்கு பொய்க்கும். 6 டிகிரி விதியையும் 80 முதல் 140 டிகிரி வரை என்ற எல்லைக்குள்தான் பயன்படுத்துகிறார்கள்.

மதிப்பீட்டுக்குச் சில கேள்விகள்

1. ஒரு மின்மாற்றியின் சூடான புள்ளி நாள் முழுவதும் 92 டிகிரியில் இருந்தால், 98 டிகிரியில் 20 ஆண்டு தாங்கும் காகிதம் எத்தனை ஆண்டு தாங்கும்? நடைமுறையில் அப்படியே நடக்குமா? வேறு எவை தடுக்கும்?

2. மூன்று வெப்பநிலைகளுக்குப் பதில் இரண்டில் மட்டும் சோதித்தால் என்ன ஆபத்து? (இரண்டு புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு நேர்கோடு போகும்.)

3. இரவில் குளிர்ந்தபின் காகிதத்தின் மூப்பு திரும்பி வருமா?

மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பேர் “வரும்” என்று எழுதினார்கள். தூங்கி எழுந்தால் நமக்குக் களைப்புத் தீர்வதைப் போல என்று ஒருவன் காரணமும் எழுதியிருந்தான். குளிர்ந்தால் மூப்பின் வேகம் குறையும், அறுந்த சங்கிலி ஒட்டாது. அதைத் திருத்த இன்னொரு பாடவேளை எடுத்துக்கொண்டேன். வீணாகவில்லை.

கேள்வி கேட்ட மாணவி இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நானே அவள் வகுப்புக்குப் போய், “போன வருஷம் நான் சொன்னது பாதிப் பதில்மா, மீதியை இப்ப சொல்றேன்” என்று கரும்பலகையில் அந்த 43 மணிக் கணக்கைப் போட்டேன். கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கேட்டாள்: “அப்ப இப்ப புதுசா வெச்சிருக்காங்களே சார், அதுல இந்த வருஷ வெயில் எவ்வளவு ஏறியிருக்கும்?”

அதைக் கணக்கிட என்னென்ன அளவுகள் தேவை என்று பட்டியல் போடுவதே அடுத்த வாரச் செயல்திட்டமாகிவிட்டது. சுற்றுப்புற வெப்பநிலை, சுமை, நேரம், ஈரம் என்று பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நிற்க நேர்ந்தால், தெரியவில்லை என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஒரு நல்ல பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.